பழைய பிக்கப் வண்டியில் ஏ.சி. பொருத்தலாமா?

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் ஜூலை மாத நண்பகல். நிழலிலேயே வெப்பநிலை 38° செ. வெட்டவெளியில் இரண்டு மணி நேரமாக நிற்கிறது ஒரு பழைய ஷெவர்லே சி-10 பிக்கப் வண்டி. கதவைத் திறந்தால் அனல் முகத்தில் அடிக்கிறது. உள்ளே வெப்பநிலை 60° செல்சியஸையும் தாண்டிவிட்டது. ஸ்டியரிங்கைத் தொட முடியவில்லை. இருக்கையில் உட்கார முடியவில்லை.

பிக்கப் என்பது முன்னால் ஓட்டுநர் அறையும், பின்னால் சுமை ஏற்றத் திறந்த தொட்டியும் கொண்ட சிறிய லாரி. சி-10 வரிசையில் 1967 முதல் 1972 வரை வெளிவந்த மாடல்களை அமெரிக்கர்கள் இன்றும் ஆசையோடு பழுதுபார்த்து, வண்ணம் பூசி ஓட்டி வருகிறார்கள். உழைப்பதற்கென்றே செய்யப்பட்ட வண்டி அது. ஏ.சி. வேண்டுவோர் தனியாகப் பணம் கட்டினால் தொழிற்சாலையிலேயே பொருத்திக் கொடுத்தார்கள். ஆனால், ‘வேலை வண்டிக்கு ஏ.சி. எதற்கு?’ என்று பலர் வேண்டாமென விட்டுவிட்டனர். அத்தகைய வண்டியை இன்று வைத்திருப்பவர் அதில் ஏ.சி. பொருத்த விரும்பினால், வேண்டிய பாகங்கள் அனைத்தும் ஒரு தொகுதியாகவே கிடைக்கின்றன. டெக்சாஸின் சான் அன்டோனியோ நகரிலுள்ள விண்டேஜ் ஏர் என்ற நிறுவனம் 1976 முதல் இதையே தொழிலாகச் செய்து வருகிறது.

பாகங்களை வாங்கலாம், பொருத்தியும் விடலாம். ஆனால் பொருத்திய பிறகு சிலருக்கு ஏமாற்றம் காத்திருக்கிறது. காற்று வருகிறது, குளிர் போதவில்லை. அல்லது குளிர் இருக்கிறது, எஞ்சின் கொதிக்கிறது. கருவி நன்றாகவே இருந்தும் இப்படி நேர்வதுண்டு. அப்போது குறை கருவியில் இல்லை, கணக்கில் இருக்கிறது. அந்தக் கணக்கைப் போடப் பெரிய கணிதம் ஒன்றும் வேண்டாம். பள்ளியில் படித்த வெப்பவியலே போதும். போட்டுப் பார்ப்போமா?

குளிர் என்று ஒரு பொருள் உண்டா?

“ஏ.சி. என்ன செய்கிறது?” என்று நான் ஆண்டுதோறும் புதிய மாணவர்களிடம் கேட்பதுண்டு. “குளிரை உண்டாக்குகிறது” என்பதே பெரும்பாலோர் சொல்லும் விடை. இந்த விடை தவறு. குளிர் என்று தனியாக ஒரு பொருள் இல்லை. வெப்பம் குறைந்த நிலையைத்தான் நாம் குளிர் என்கிறோம். எனவே எந்த இயந்திரமும் குளிரை உண்டாக்கி உள்ளே அனுப்ப முடியாது. உள்ளே இருக்கும் வெப்பத்தை எடுத்து வெளியே கொட்டத்தான் முடியும்.

ஒழுகும் படகிலிருந்து ஒருவர் நீரை இறைப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். படகு மிதக்குமா என்பது மூன்று செய்திகளைப் பொறுத்தது. ஓட்டை எவ்வளவு பெரியது? அவர் எவ்வளவு வேகமாக இறைக்கிறார்? இறைத்த நீர் திரும்பவும் படகுக்குள்ளேயே விழாமல் இருக்கிறதா? பிக்கப் வண்டியின் ஏ.சி.க்கும் இந்த மூன்று கேள்விகளே பொருந்தும். நம் கட்டுரை முழுவதும் இவற்றைச் சுற்றியே வரும்.

முதலில், இறைப்பது எப்படி என்று காண்போம்.

ஆவியாகும் பொருள் வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. ஊசி போடுமுன் கையில் தடவும் ஸ்பிரிட் சில்லென்று இருப்பதும், மண்பானை நீர் குளிர்வதும் இதனால்தான். திரவம் ஆவியாக மாறத் தேவைப்படும் இந்த வெப்பத்தை உள்ளுறை வெப்பம் என்கிறோம். அமெரிக்காவின் வறண்ட தென்மேற்குப் பகுதியில் 1940களிலும் 1950களிலும் கார் ஓட்டியவர்கள் மண்பானைத் தத்துவத்தையே பயன்படுத்தினார்கள். கார் ஜன்னலுக்கு வெளியே ஓர் உருளையை மாட்டி, அதில் நீரை ஊற்றிவிடுவார்கள். வண்டி ஓடும்போது புகும் காற்று ஈரமான திண்டின் வழியே வந்து குளிர்ந்துவிடும். அரிசோனாவின் வறண்ட காற்றில் இது நன்றாக வேலை செய்தது. ஆனால் ஹூஸ்டன் போன்ற கடலோர நகரில் காற்றிலேயே ஈரம் மிகுதி. அங்கே நீர் எளிதில் ஆவியாவதில்லை. எனவே குளிர்ச்சியும் குறைவு. மேலும், ஆவியான நீர் காற்றோடு போய்விடும். அடிக்கடி ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

இந்த இரு குறைகளையும் நீக்க வேண்டுமானால் என்ன செய்யலாம்? ஆவியாகும் பொருளை மூடிய குழாய்க்குள் அடைத்து, ஆவியானதைப் பிடித்து மீண்டும் திரவமாக்கி, திரும்பத் திரும்பப் பயன்படுத்த வேண்டும். இதுதான் ஏ.சி.

ஒரு சுற்றில் நடப்பது

குழாய்க்குள் சுற்றிவரும் பொருளைக் குளிர்பதனப் பொருள் என்பார்கள். பழைய வண்டிகளில் புதிதாகப் பொருத்தும் ஏ.சி.களில் இப்போது பெரும்பாலும் ஆர்-134ஏ என்னும் பொருளே இடம்பெறுகிறது. சாதாரண வளிமண்டல அழுத்தத்தில் இது –26° செல்சியஸிலேயே கொதித்துவிடும்.

கொதிநிலை அழுத்தத்தைப் பொறுத்து மாறும் என்பதைப் பிரஷர் குக்கரில் அன்றாடம் பார்க்கிறோம். அழுத்தம் கூடினால் கொதிநிலை உயரும், குறைந்தால் தாழும். ஆர்-134ஏ வளிமண்டல அழுத்தத்தைப்போல் ஏறத்தாழ 3 மடங்கு அழுத்தத்தில் 0° செல்சியஸில் கொதிக்கிறது. ஏறத்தாழ 17 மடங்கு அழுத்தத்திலோ 60° செல்சியஸில்தான் கொதிக்கிறது. அதாவது, அந்த அழுத்தத்தில் அதன் ஆவியை 60° செல்சியஸிலேயே திரவமாக்கிவிடலாம். ஏ.சி.யின் இரகசியம் முழுவதும் இந்த இரண்டு எண்களில் அடங்கியிருக்கிறது.

ஓட்டுநர் அறையின் முன்பலகைக்கு அடியில் ஆவியாக்கி என்னும் குழாய்த்தொகுதி இருக்கிறது. அதனுள் அழுத்தம் குறைவு. குளிர்பதனப் பொருள் அங்கே 0° செல்சியஸை ஒட்டிக் கொதிக்கிறது. விசிறி தள்ளும் அறைக் காற்று அக்குழாய்களைத் தழுவிச் செல்லும்போது வெப்பத்தை இழந்து குளிர்கிறது. அவ்வெப்பத்தை வாங்கிக்கொண்ட ஆவியைக் கம்ப்ரஸர், அதாவது அமுக்கி, உறிஞ்சி அழுத்துகிறது. அழுத்தம் 17 மடங்கு அளவுக்கு உயர்கிறது, ஆவியும் சூடேறுகிறது. இந்தச் சூடான ஆவி வண்டியின் முகப்பில், ரேடியேட்டருக்கு முன்னால் உள்ள கண்டென்சருக்குப் போகிறது. வெளிக்காற்று 38° செ.; ஆவியோ 60° செல்சியஸுக்கும் மேல். ஆகவே வெப்பம் தானாகவே வெளிக்காற்றுக்குப் பாய்கிறது. ஆவி திரவமாகிறது. அத்திரவம் உலர்த்தி வழியாக வந்து, விரிவு வால்வின் ஊசித்துளையில் புகுந்து வெளிப்படும்போது அழுத்தம் சட்டென்று வீழ்கிறது. மீண்டும் குளிர்ந்து ஆவியாக்கிக்குள் நுழைகிறது.

கவனித்தீர்களா? வெப்பம் எங்கும் தன் இயல்புக்கு மாறாக ஓடவில்லை. அறைக் காற்றிலிருந்து அதைவிடக் குளிர்ந்த குழாய்க்கும், சூடான குழாயிலிருந்து அதைவிடக் குளிர்ந்த வெளிக்காற்றுக்கும்தான் பாய்கிறது. இடையில் ஆவியை அழுத்தும் வேலையை எஞ்சின் செய்கிறது. அந்த வேலைக்கான விலையைப் பின்னால் பார்ப்போம்.

ஒரு கிலோகிராம் ஆர்-134ஏ 0° செல்சியஸில் ஆவியாக ஏறத்தாழ 198 கிலோஜூல் வெப்பம் வேண்டும். ஆனால் வால்வுக்கு வரும் திரவம் சூடாக வருவதால், தன்னைத்தானே குளிர்வித்துக்கொள்ளவே அதில் ஒரு பங்கு ஆவியாகிவிடுகிறது. அதைக் கழித்தால் அறையிலிருந்து எடுக்கும் வெப்பம் கிலோவுக்கு 130 கிலோஜூல் அளவே. எனவே நொடிக்கு 4.5 கிலோஜூல், அதாவது 4.5 கிலோவாட் வெப்பத்தை எடுக்க வேண்டுமானால், நொடிக்குச் சுமார் 35 கிராம் பொருள் சுற்றிவர வேண்டும். இத்தகைய ஏ.சி.யில் அடைக்கும் பொருளின் மொத்த எடை 800 கிராம் அளவு. ஆக, ஒவ்வொரு துளியும் அரை நிமிடத்துக்கும் குறைவான நேரத்தில் ஒரு சுற்றை முடித்துவிடுகிறது!

முன்னோடிகள்

காரில் முதன்முதலில் இத்தகைய ஏ.சி.யை விற்பனைக்குக் கொண்டுவந்தது அமெரிக்காவின் பாக்கார்டு நிறுவனம். 1939இல் அறிமுகமாகி 1940ஆம் ஆண்டு மாடல்களில் அது இடம்பெற்றது. குளிர்விக்கும் பகுதி, பெட்டி வைக்கும் பின்பக்க இடத்தைப் பெருமளவு அடைத்துக்கொண்டது. அமுக்கியை வேண்டும்போது இணைக்கவும் விலக்கவும் கிளட்ச் இல்லை. குளிர் வேண்டாமென்றால் எஞ்சினை நிறுத்தி, முன்மூடியைத் திறந்து, பெல்ட்டைக் கழற்ற வேண்டும்! 1954இல் நாஷ் நிறுவனம் சூடாக்கும் கருவியையும் குளிர்விக்கும் கருவியையும் ஒன்றிணைத்து வண்டியின் முன்பகுதியிலேயே அடக்கிக் காட்டியது. இன்றைய அமைப்புகளுக்கு அது முன்னோடி. இன்று அமுக்கியின் முகப்பில் மின்காந்தக் கிளட்ச் உண்டு. சுவிட்சைப் போட்டால் இணைகிறது, எடுத்தால் விலகுகிறது.

முதல் கேள்வி: ஓட்டை எவ்வளவு பெரியது?

இனி நம் பிக்கப்பின் ஓட்டுநர் அறைக்குள் நொடிதோறும் எவ்வளவு வெப்பம் புகுகிறது என்று கணக்கிடுவோம். வெளியே 38° செ., உள்ளே 25° செ. இருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கீழ்வரும் எண்கள் தோராயமானவை. வண்டிக்கு வண்டி மாறுபடும்.

கண்ணாடி வழியே வருவது முதல் இனம். உச்சி வெயில் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 1,000 வாட் தரும். சாய்ந்த கண்ணாடிகளில் வெயிலை எதிர்கொள்ளும் பரப்பையும், திருப்பி அனுப்பப்படும் ஒளியையும் கணக்கில் கொண்டால் உள்ளே வருவது சுமார் 700 வாட்.

கூரை இரண்டாவது. வெயிலில் காயும் இரும்புத் தகடு 65° செல்சியஸை எளிதில் எட்டும். அடியில் தடுப்பு எதுவும் இல்லையென்றால் அதன் வழியே 400 வாட் இறங்கும்.

மூன்றாவது, எஞ்சினுக்கும் அறைக்கும் இடையேயுள்ள தகட்டுச் சுவரும், தரையும். ஒருபக்கம் எஞ்சின்; தரைக்கு அடியில் கியர் பெட்டியும் புகைக்குழாயும். 70° செல்சியஸில் இருக்கும் இரண்டரை சதுர மீட்டர் வெறுந்தகடு 800 வாட்டை உள்ளே அனுப்பும்.

நான்காவது, இடுக்குகள். 50 ஆண்டுக்கு மேற்பட்ட வண்டியில் கதவு ரப்பர் காய்ந்து வெடித்திருக்கும். ஒயர்களும் கம்பிகளும் செல்லும் துளைகள் திறந்தே கிடக்கும். நொடிக்கு 20 லிட்டர் வெளிக்காற்று புகுந்தால் அதைக் குளிர்விக்க 300 வாட் வேண்டும். அத்துடன் முடியவில்லை. ஹூஸ்டன் போன்ற இடத்தில் அக்காற்றிலுள்ள நீராவி ஆவியாக்கியின் மேல் நீராகப் படியும்போது தன் உள்ளுறை வெப்பத்தையும் அங்கேயே விட்டுவிடுகிறது. அது மேலும் 500 வாட். இப்படிப் படியும் நீர் மணிக்கு முக்கால் லிட்டர் தேறும். ஏ.சி. ஓடும் காருக்கு அடியில் நீர் சொட்டுவதைப் பார்த்திருப்பீர்களே, அது இந்த நீர்தான். அதை வெளியேற்ற ஒரு குழாய் வைக்க மறந்தால் கால் விரிப்பு நனைந்து, தரை துருப்பிடித்துவிடும்.

ஐந்தாவது, நாமே! ஓய்வாக அமர்ந்திருக்கும் மனிதர் ஒவ்வொருவரும் 100 வாட் பல்பு ஒன்றுக்குச் சமம். இருவருக்கு 200 வாட்.

மொத்தம் கூட்டினால் 2,900 வாட்.

இப்போது வண்டியின் உரிமையாளர் ஏ.சி.யைத் தொடுவதற்கு முன், தரை விரிப்பைக் கழற்றி, தகட்டின் மேல் வெப்பத் தடுப்புப் பாய்களை ஒட்டுகிறார். கூரையின் உட்புறத்திலும் ஒட்டுகிறார். துளைகளை அடைக்கிறார். கதவுகளுக்குப் புது ரப்பர் போடுகிறார். கூரை, தரை, இடுக்கு ஆகிய மூன்றின் வழியே வரும் வெப்பமும் பாதியாகக் குறைந்ததென்றால் மொத்தம் 1,900 வாட்டாக இறங்குகிறது. ஓசையில்லாமல், பெட்ரோல் செலவில்லாமல் 1,000 வாட் மிச்சம்! ஏ.சி. பொருத்தும் வேலை ரப்பரிலும் பாயிலும் தொடங்க வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இரண்டாம் கேள்வி: எவ்வளவு வேகமாக இறைப்பது?

1,900 வாட் புகுகிறது என்றால் 1,900 வாட் கருவி போதாதா? போதாது. வெயிலில் நின்ற வண்டியில் முன்பே சேர்ந்துவிட்ட வெப்பத்தையும் வெளியேற்ற வேண்டுமே! அறைக்குள் உள்ள காற்றின் எடை இரண்டு கிலோவை ஒட்டியதுதான். அதைக் குளிர்விப்பது எளிது. ஆனால் இருக்கை, முன்பலகை, உட்புறத் தகடுகள் எல்லாம் சேர்ந்து 100 கிலோ என்றும், அவை 60° செல்சியஸிலிருந்து 25° செல்சியஸுக்கு இறங்க வேண்டும் என்றும் கொள்வோம். அவற்றின் வெப்ப எண் கிலோவுக்கு அரை கிலோஜூல் என்றால், வெளியேற்ற வேண்டியது 1,750 கிலோஜூல்.

4.5 கிலோவாட் கருவி ஒன்றைப் பொருத்துகிறோம். தடுப்பு இல்லாத வண்டியில் 2.9 போக எஞ்சுவது 1.6 கிலோவாட். 1,750ஐ 1.6ஆல் வகுத்தால் சுமார் 1,090 நொடி. அதாவது 18 நிமிடம். தடுப்பு செய்த வண்டியிலோ எஞ்சுவது 2.6 கிலோவாட். நேரம் 11 நிமிடமாகக் குறைகிறது. கருவி அதேதான்! தொடக்கத்தில் இரண்டு ஜன்னல்களையும் இறக்கிவிட்டு ஒரு நிமிடம் ஓட்டி, சூடான காற்றை விரட்டிய பிறகு மூடினால் இன்னும் நல்லது.

குளிர்பதனத் துறையில் ‘டன்’ என்று ஓர் அலகு உண்டு. ஒரு நாளில் ஒரு அமெரிக்க டன், அதாவது 907 கிலோ பனிக்கட்டியை உருக்கத் தேவையான வெப்பத்தை எடுக்கும் திறனே ஒரு டன். இது ஏறத்தாழ 3.5 கிலோவாட். நம் 4.5 கிலோவாட் கருவி 1.3 டன் ஆகிறது. வீட்டில் ஒரு சிறு படுக்கையறைக்கே ஒரு டன் ஏ.சி. போதும் என்கிறோம். இருவர் அமரும் சிறு அறைக்கு அதைவிடப் பெரியது வேண்டியிருக்கிறது! கண்ணாடியும் வெறுந்தகடும் எஞ்சின் அண்டையும் சேர்ந்து செய்யும் வேலை இது.

இறைக்கும் கூலியை யார் கொடுப்பது? எஞ்சின்தான். வண்டி ஏ.சி. ஒரு பங்கு வேலையைப் பெற்றுக்கொண்டு சுமார் இரண்டு பங்கு வெப்பத்தை நகர்த்துகிறது என்று கொண்டால், 4.5 கிலோவாட்டுக்கு அமுக்கி கேட்பது 2.25 கிலோவாட், அதாவது 3 குதிரைத்திறன். நூறு குதிரைத்திறனுக்கு மேல் தரவல்ல சி-10 எஞ்சினுக்கு நெடுஞ்சாலையில் இது ஒரு பொருட்டே அல்ல. ஆனால் சிக்னலில் நிற்கும்போது எஞ்சின் மெதுவாகச் சுழன்று சிறிதளவு திறனையே தருகிறது. அப்போது கிளட்ச் இணைந்தால் எஞ்சின் தடுமாறும். சில சமயம் நின்றும் விடும். ஆகவே ஏ.சி. ஓடும்போது மட்டும் எஞ்சினின் ஓய்வு வேகத்தைச் சற்றே உயர்த்தும் சிறு கருவியையும் சேர்ப்பது வழக்கம்.

அமுக்கியைத் தாங்கும் இரும்புத் தாங்கியும் முக்கியம். அமுக்கியின் கப்பியும் எஞ்சினின் கப்பியும் ஒரே தளத்தில் நேராக இருக்க வேண்டும். சிறிது கோணினாலும் பெல்ட் தேய்ந்து அறும், அல்லது கழன்று பறக்கும்.

மின்சாரமும் கூலி கேட்கிறது. விசிறி முழு வேகத்தில் ஓடினால் 15 முதல் 20 ஆம்பியர். கிளட்சுக்கு 4 ஆம்பியர். அக்காலச் சாதாரண மாடல்களில் இருந்த ஆல்டர்னேட்டரின் உச்ச அளவே 37 ஆம்பியர். இரவில் முகப்பு விளக்கும் எரிந்தால் பற்றாக்குறைதான்; பாட்டரி வடிந்துவிடும். எனவே ஆல்டர்னேட்டரையும் பெரிதாக மாற்ற வேண்டும். பழைய ஒயர்களில் இவ்வளவு மின்னோட்டத்தைச் செலுத்துவது தீயை அழைப்பதாகும். தனி ஒயர், தனி ஃபியூஸ், ரிலே மூன்றும் இன்றியமையாதவை.

மூன்றாம் கேள்வி: எங்கே கொட்டுவது?

பலர் மறந்துவிடும் பகுதி இதுதான். கண்டென்சர் வெளியேற்றுவது அறையிலிருந்து எடுத்த 4.5 கிலோவாட் மட்டுமன்று. அமுக்கி செய்த 2.25 கிலோவாட் வேலையும் வெப்பமாகி அதோடு சேர்கிறது. மொத்தம் 6.75 கிலோவாட். வீட்டில் பயன்படுத்தும் ஆயிரம் வாட் மின்னடுப்புகள் ஏழு எடுத்து, வண்டியின் ரேடியேட்டருக்கு நேர் முன்னால் வைத்ததற்கு ஏறக்குறைய சமம்!

வண்டி வேகமாக ஓடும்போது காற்று தாராளமாக வருவதால் கவலையில்லை. நெரிசலில் நிற்கும்போதுதான் சோதனை. அப்போது அமுக்கி மெதுவாகச் சுழல்வதால் வெளியேறும் வெப்பம் 4 கிலோவாட்டாகக் குறையலாம். விசிறி இழுக்கும் காற்றோ நொடிக்கு அரை கிலோ என்று கொள்வோம். அக்காற்று கண்டென்சரைக் கடக்கும்போது 8° சூடேறிவிடும். ரேடியேட்டருக்கு 38° செல்சியஸில் வந்துகொண்டிருந்த காற்று இப்போது 46° செல்சியஸில் வருகிறது. 90° செல்சியஸில் உள்ள ரேடியேட்டர் நீருக்கும் காற்றுக்கும் இருந்த வேறுபாடு 52இலிருந்து 44ஆகச் சுருங்கிவிட்டது. எஞ்சினின் வெப்பம் வெளியேறும் வேகமும் ஏறத்தாழ 15 சதவீதம் குறைகிறது. ஏற்கெனவே உப்புப் படிந்து அடைபட்ட பழைய ரேடியேட்டராக இருந்தால் எஞ்சின் கொதிப்பதில் வியப்பென்ன?

இதற்குரிய பரிகாரங்களும் இயற்பியலே. ரேடியேட்டரின் உட்புறத்தைச் சுத்தம் செய்வது அல்லது தடித்த ரேடியேட்டரை மாற்றுவது ஒன்று. விசிறியைச் சுற்றிக் கூண்டுபோல ஒரு மூடி அமைத்து, காற்று பக்கவாட்டில் நழுவாமல் ரேடியேட்டர் முழுவதன் வழியாகவும் வரச் செய்வது மற்றொன்று. பழைய வண்டிகளில் இந்த மூடி காணாமற்போயிருப்பது சாதாரணம். கண்டென்சரின் ஓரங்களையும் அடைக்க வேண்டும். இல்லாவிட்டால் சூடான காற்றே சுற்றி வந்து மீண்டும் முன்பக்கம் நுழையும். இறைத்த நீர் படகுக்குள்ளேயே விழுவது இதுதான். ரேடியேட்டர் மூடியின் ஸ்பிரிங்கும் நல்ல நிலையில் இருக்க வேண்டும். அது உள்ளே கூடுதலாக ஒரு வளிமண்டல அழுத்தத்தைத் தாங்கினால் நீரின் கொதிநிலை 120° செல்சியஸுக்கு உயரும். மறுபடியும் பிரஷர் குக்கர்!

ஈரத்தை விரட்டும் வெற்றிடம்

குழாய்களையெல்லாம் இணைத்தவுடன் குளிர்பதனப் பொருளை அடைத்துவிடலாகாது. உள்ளே காற்றும் ஈரமும் இருக்கின்றன. காற்று திரவமாகாமல் கண்டென்சரில் தங்கி அழுத்தத்தை வீணாக உயர்த்தும். ஈரமோ விரிவு வால்வின் துளையில் பனிக்கட்டியாகி அடைத்துக்கொள்ளும். குளிர்ச்சி நின்றுவிடும்; பனி உருகியதும் மீண்டும் வரும். காரணம் புரியாமல் உரிமையாளர் தலையைப் பிய்த்துக்கொள்வார். மேலும் ஈரம் எண்ணெயுடனும் குளிர்பதனப் பொருளுடனும் வினைபுரிந்து அமிலத்தை உண்டாக்கி, அமுக்கியை உள்ளிருந்தே அரிக்கும்.

குழாய்க்குள் ஒட்டியிருக்கும் ஈரத்தை எப்படித் துடைப்பது? அழுத்தத்தைக் குறைத்தால் கொதிநிலை தாழும் என்றோம் அல்லவா? அழுத்தம் 24 மில்லிமீட்டர் பாதரச அளவுக்கு இறங்கினால் நீர் 25° செல்சியஸிலேயே கொதித்துவிடும். எனவே வெற்றிடப் பம்பை இணைத்து, அரை மணி நேரத்துக்குக் குறையாமல் ஓட்டுகிறார்கள். ஈரம் அறை வெப்பநிலையிலேயே ஆவியாகி வெளியேறுகிறது. பிறகு பம்பை நிறுத்தி, மானியைப் பார்த்துக் காத்திருக்க வேண்டும். முள் அசையாமல் நின்றால் ஒழுக்கு இல்லை. ஏறத் தொடங்கினால் எங்கோ ஒழுக்கு இருக்கிறது என்று பொருள். இந்தப் பொறுமை ஏன் அவசியம் என்பதை இனிச் சொல்கிறேன்.

ஒழுகினால் யாருக்கு நட்டம்?

சி-10 புதிதாக இருந்த காலத்தில் கார் ஏ.சி.களில் இருந்தது ஆர்-12. ஃபிரியான் என்ற பெயரில் உலகறிந்த பொருள். ஜெனரல் மோட்டார்ஸில் பணியாற்றிய தாமஸ் மிட்ஜ்லியும் அவருடைய தோழர்களும் 1928இல் உருவாக்கியது. நஞ்சு இல்லை, தீப்பிடிக்காது. இதைவிட நல்ல பொருள் இல்லை என்றே உலகம் நம்பியது. 1974இல் மோலினா, ரோலண்டு என்ற இரு அறிவியலார் வேறொன்று கூறினார்கள். இப்பொருள் எதனுடனும் எளிதில் வினைபுரியாததால் அழியாமல் மேலே சென்று, அடுக்கு வளிமண்டலத்தில் புற ஊதாக் கதிர் பட்டு உடைந்து குளோரினை விடுவிக்கும். அந்தக் குளோரின் ஓசோனை அழிக்கும் என்றார்கள். 1985இல் அண்டார்க்டிகாவின் மேல் ஓசோன் பெருமளவு குறைந்திருப்பது கண்டறியப்பட்டது. 1987இல் மாண்ட்ரியல் ஒப்பந்தம் உருவாயிற்று. அமெரிக்காவில் 1995ஆம் ஆண்டின் இறுதியோடு ஆர்-12 உற்பத்தி நின்றது.

அதன் இடத்துக்கு வந்த ஆர்-134ஏயில் குளோரின் இல்லை, ஓசோனுக்குக் கேடில்லை. ஆனால் பூமியின் வெப்பத்தைப் பிடித்து வைப்பதில் அது கொடியது. நூறாண்டுக் கணக்கில், ஒரு கிலோ ஆர்-134ஏ ஏறத்தாழ 1,430 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். நம் வண்டியிலுள்ள 800 கிராமும் ஒழுகிப் போனால் அது 1,144 கிலோவுக்குச் சமம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு வரும். அப்படியானால் சரியாக இறுக்காத ஒரு மூட்டின் விலை, ஏறத்தாழ 500 லிட்டர் பெட்ரோலை வீணே எரித்ததற்கு ஒப்பாகும்!

எனவேதான் அமெரிக்கச் சட்டம் இப்பொருள்களை வேண்டுமென்றே காற்றில் விடுவதைத் தடை செய்கிறது. வண்டியைப் பிரிக்கும்போது அதை உறிஞ்சிக் கலத்தில் சேமிக்க வேண்டும். புதிய கார்களில் இப்போது ஆர்-1234ஒய்எஃப் என்ற பொருள் வந்துவிட்டது. அதன் வெப்பமூட்டும் ஆற்றல் மிகச் சொற்பம். ஆனால் அது ஓரளவு தீப்பற்றும். அதற்கென அமைத்த கருவியில்தான் அதை அடைக்க வேண்டும். விலை மலிவென்று சிலர் புரொப்பேன் போன்ற எரிவாயுக் கலவைகளை அடைப்பதுண்டு. இது பேராபத்து. ஆவியாக்கி இருப்பது அறைக்குள். அங்கே ஒழுகினால் ஒரு சுவிட்சின் பொறியே போதும். பழைய ஆர்-12 கருவி இருந்த வண்டியில் ஆர்-134ஏயை அப்படியே ஊற்றுவதும் தவறு. முன்னதற்குரிய தாது எண்ணெய் பின்னதோடு கலப்பதில்லை. அமுக்கிக்கு உயவு கிடைக்காமல் இறுகிவிடும்.

திரவமாகத் தெறித்தால் இப்பொருள் தோலையும் கண்ணையும் நொடியில் உறையச் செய்யும். கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் அருகே போகக் கூடாது. அடைக்கும் வேலையைப் பயிற்சி பெற்றவரிடம் விட்டுவிடுவதே நல்லது.

முடிவாக

பழைய வண்டியில் ஏ.சி. பொருத்தலாம், நன்றாகவே வேலை செய்யும். ஆனால் வரிசை முக்கியம். முதலில் வெப்பம் புகும் வழிகளை அடையுங்கள். பின்பு மிச்சமிருக்கும் வெப்பத்துக்கு ஏற்ற கருவியைத் தேர்ந்தெடுங்கள். அதை வெளியே கொட்டுவதற்கு ரேடியேட்டரையும் விசிறியையும் ஆயத்தம் செய்யுங்கள். கடைசியாக, உள்ளே அடைத்த பொருள் உள்ளேயே இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். இந்த வரிசையைத் தலைகீழாக்கி, பெரிய கருவியை வாங்கிப் பொருத்திவிட்டால் போதும் என்று நினைப்பவர்கள்தான் கொதிக்கும் எஞ்சினோடு சாலையோரம் நிற்கிறார்கள்.

ஒரு கருவியைச் சேர்த்தோம் என்று நினைக்கிறோம். உண்மையில் எஞ்சின், ரேடியேட்டர், ஆல்டர்னேட்டர், கதவு ரப்பர் என்று வண்டி முழுவதும் அந்தக் கருவிக்காக வேலை செய்ய வேண்டியிருக்கிறது. அடுத்த முறை ஏ.சி. ஓடும் ஒரு காரின் அருகே நிற்க நேர்ந்தால், அதன் முகப்பிலிருந்தும் அடியிலிருந்தும் வரும் அனலைக் கவனியுங்கள். உள்ளே இருப்பவர் அனுபவிக்கும் குளிர் வேறு, வெளியே நீங்கள் உணரும் அனல் வேறு அல்ல. உள்ளிருந்து எடுத்த வெப்பம்தான், அதை எடுத்த கூலியையும் சேர்த்துக்கொண்டு, உங்கள் மேல் வீசுகிறது.